பூமிக்குள் புதைக்கப்படும் கரியமில வாயு – கிணற்றுக்கு அனுமதி தருவது யார், எப்படி?

கோலி சோடாவின் கோலியைக் கட்டைவிரலால் அழுத்தியதும் ‘புஸ்’ என்று வெளியே வருகிறதே, அதுதான் கரியமில வாயு. நாம் மூச்சில் வெளிவிடுவதும், இட்லி மாவைப் புளிக்கும்போது பொங்கச் செய்வதும், அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி வழியே ஆயிரக்கணக்கான டன்னாகப் போவதும் இதுவே. பூமி சூடேறுவதற்கு இது முக்கியக் காரணம் என்பதைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளே நமக்கு இன்று சொல்லித் தருகிறார்கள்.

இந்த வாயுவைக் காற்றில் விடாமல் ஆலையிலேயே பிடித்து, அழுத்திச் சுருக்கி, பூமிக்கு அடியில் ஒன்று, இரண்டு கிலோ மீட்டர் ஆழத்தில் செலுத்தி வைத்துவிடும் முறை ஒன்று உண்டு. நார்வே நாட்டினர் 1996-ஆம் ஆண்டு வடகடலில் ஸ்லைப்னர் என்னுமிடத்தில் இதைத் தொடங்கினார்கள். கடலின் தரைக்கும் கீழே உள்ள மணற்பாறையில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவுக்குச் செலுத்தினார்கள்.

இதன் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது, இப்படி ஒரு கிணறு தோண்ட அரசாங்கம் அனுமதி கொடுக்கும் விதம். இதற்கென்றே விரிவான விதிகளை வகுத்து, அவற்றால் நன்மையும் தொல்லையும் கண்டிருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே ஒரு கிணற்றுக்கு எத்தனை கேள்விகள் கேட்கிறார்கள், அவற்றுள் எந்தக் கேள்வி உண்மையில் கனமானது என்பதைப் பார்ப்போம்.

குடிநீர்ச் சட்டத்தில் பிறந்த விதி

காற்றைக் கெடுக்கும் வாயு என்பதால் இதற்குக் காற்று மாசுச் சட்டத்தின்படி அனுமதி தருவார்கள் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. 1974-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் இயற்றிய பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம்தான் இதற்கு ஆதாரம். பூமிக்குள் எதைச் செலுத்தினாலும் அது நிலத்தடிக் குடிநீரைக் கெடுக்கக் கூடாது என்பதே அச்சட்டத்தின் நோக்கம். ஆகவே அனுமதி அதிகாரி விண்ணப்பதாரரிடம், “இதனால் பூமியின் சூடு எவ்வளவு குறையும்?” என்று கேட்பதில்லை. “என் குடிநீருக்கு என்ன ஆகும்?” என்றுதான் கேட்கிறார்.

அப்படிக் கேட்க வேண்டிய அவசியம் சும்மா வந்துவிடவில்லை. கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகருக்கு அருகே ராக்கி மவுண்டன் ஆர்சனல் என்ற ராணுவ ரசாயனத் தொழிற்சாலை இருந்தது. அதன் கழிவு நீரை 3,600 மீட்டருக்கும் அதிக ஆழமுள்ள கிணற்றில் 1962 முதல் செலுத்தினார்கள். நிலநடுக்கம் அதிகம் அறியாத அந்தப் பகுதியில் வரிசையாக அதிர்வுகள் உண்டாயின. சந்தேகம் வலுக்கவே 1966-ல் செலுத்துவதை நிறுத்தினார்கள். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய அதிர்வுகள் அதற்குப் பிறகு, 1967-ல்தான் வந்தன. பம்பை நிறுத்தினாலும் அடியில் ஏறிய அழுத்தம் உடனே அடங்குவதில்லை. பாறையின் இடுக்குகள் வழியே மெல்ல மெல்லப் பரவிக்கொண்டே இருக்கிறது. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.

1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பூமிக்குள் செலுத்தும் கிணறுகளை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார்கள். ஆலைக் கழிவுக்கு ஒன்று, எண்ணெய் வயலுக்கு ஒன்று, சுரங்க வேலைக்கு ஒன்று என்று இப்படி. கரியமில வாயுவுக்கு இவை எதுவும் பொருந்தாது என்று கண்டு, 2010 டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஆறாம் வகுப்பு என்று ஒன்றைப் புதிதாக வகுத்தது. ஈ.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மத்திய அரசு நிறுவனம் இதுதான்.

அடியில் என்ன இருக்கிறது?

பூமிக்குள் சேமிப்பது என்றவுடன் ஏதோ பெரிய குகையில் வாயுவை அடைத்து வைப்பதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். குகை எதுவும் கிடையாது. உலர்ந்த செங்கல்லைத் தண்ணீரில் போட்டால் அது நீரை உறிஞ்சுகிறது அல்லவா? கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதில் இருப்பதே காரணம். ஆழத்தில் இருக்கும் மணற்பாறையும் அப்படித்தான். அதன் துளைகளில் கடல்நீரைவிட உப்பான நீர் நிறைந்திருக்கும். அந்த நீரை ஒதுக்கிக்கொண்டு வாயு புகுந்துகொள்கிறது.

சுமார் 800 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் அங்குள்ள வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து கரியமில வாயுவைத் திரவத்துக்கும் வாயுவுக்கும் இடைப்பட்ட ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிடும். 31 டிகிரி வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல 73 மடங்கு அழுத்தமும் இருந்தால் போதும். அந்நிலையில் அது திரவத்தைப் போல அடர்ந்து, குறைந்த இடத்தில் நிறையக் கொள்ளும். ஆயினும் உப்பு நீரைவிட அது லேசானது. தண்ணீரில் விட்ட எண்ணெய் போல மேலே வரவே பார்க்கும். அதைத் தடுக்க மணற்பாறைக்கு மேலே துளையற்ற, கெட்டியான களிப்பாறை ஒன்று மூடிபோல் அமைந்திருக்க வேண்டும். இந்த மூடுபாறை விரிசலின்றி விரிந்து கிடக்கிறதா என்று நிரூபிப்பதே விண்ணப்பத்தின் முதல் பகுதி.

நாளாக ஆக நிலைமை நமக்குச் சாதகமாகும். வாயுவில் ஒரு பகுதி துளைகளிலேயே சிக்கிக்கொள்ளும். ஒரு பகுதி உப்பு நீரில் கரையும். கரைந்த நீர் கனமாகிக் கீழே இறங்கும். நெடுங்காலத்தில் கொஞ்சம் கல்லாகவே மாறிவிடும். ஆகையால் ஆபத்து மிகுந்த காலம், செலுத்திக்கொண்டிருக்கும் ஆண்டுகளும் அதை அடுத்து வரும் சில பத்து ஆண்டுகளுமே.

விண்ணப்பத்தில் கேட்பவை

குடிநீர் என்றால் இன்று குழாயில் வருவது மட்டும் என்று அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. லிட்டருக்கு 10,000 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்பு கரைந்திருக்கும் நிலத்தடி நீர் முழுவதும் காக்கப்பட வேண்டியதே. நாக்கில் வைக்க முடியாத உவர்ப்பு அது. இருந்தாலும் பேரப்பிள்ளைகள் காலத்தில் அதையும் சுத்திகரித்துக் குடிக்க நேரலாம் என்ற தொலைநோக்கு இதில் இருக்கிறது. சென்னையில் கடல்நீரையே குடிநீராக்கிக் குடிக்கும் உறவினர்கள் உள்ள நமக்கு இது விளங்காமல் போகாது.

கிணற்றின் அமைப்பு நம் ஊர் போர்வெல்லின் அண்ணன் என்று சொல்லலாம். குடிநீர் இருக்கும் அடுக்குகள் அத்தனையையும் தாண்டி இறங்கும் வெளிக் கேசிங் ஒன்று. அதற்குள் அடிவரை போகும் நீண்ட கேசிங் ஒன்று. இரண்டையும் சுற்றி அடியிலிருந்து தரை மட்டம் வரை சிமெண்டுக் கலவை நிரம்பியிருக்க வேண்டும். இவற்றுக்கும் உள்ளே வாயு போகும் குழாய். அக்குழாய்க்கும் கேசிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு திரவத்தை அடைத்து, அதன் அழுத்தத்தை இடைவிடாமல் அளந்துகொண்டிருப்பார்கள். அளவு மாறினால் எங்கோ ஓட்டை என்று பொருள். எளிய ஏற்பாடுதான், ஆனால் மிகவும் கெட்டிக்காரத்தனமானது.

செலுத்தும் அழுத்தத்துக்கும் வரம்பு உண்டு. பாறை எந்த அழுத்தத்தில் பிளக்குமோ அதில் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அரிமானத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி இருக்கிறது. குழாய் எந்த உலோகமோ அதே உலோகத்தில் சிறு துண்டுகளைச் செய்து, வாயு ஓடும் பாதையில் வைத்துவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அவற்றை எடுத்து எடை, கனம் முதலியவற்றைச் சோதிப்பார்கள். ஈரமில்லாத கரியமில வாயு எஃகை ஒன்றும் செய்யாது. தண்ணீர் சேர்ந்தால் அது அமிலமாகிவிடும். அப்புறம் இரும்பைத் தின்னத் தொடங்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோன்றுவது பழைய கிணறுகளைப் பற்றிய விதி. வாயுவும் அதன் அழுத்தமும் எவ்வளவு தூரம் பரவும் என்று கணக்கிட்டு ஒரு எல்லை வகுக்க வேண்டும். அந்த எல்லைக்குள் மூடுபாறையைத் துளைத்துச் சென்ற பழைய எண்ணெய்க் கிணறுகள் எத்தனை, அவை சரியாக அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும். அடைபடாததை அடைக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது இந்த எல்லையை மறுபடி கணக்கிட வேண்டும். நூறு வருஷத்துக்கும் மேலாக எண்ணெய் தோண்டிய டெக்ஸாஸ், லூசியானா போன்ற மாநிலங்களில் இது லேசான வேலை அல்ல. இயற்கை லட்சக்கணக்கான ஆண்டுகள் இறுக்கி மூடி வைத்த பாறையில் மனிதன் போட்ட ஓட்டைகள்தாம் பலவீனமான இடம்.

இவை தவிரப் பணப் பொறுப்பு ஒன்று இருக்கிறது. கம்பெனி நொடித்துப் போனாலும் கிணற்றை மூடவும், பிறகு கண்காணிக்கவும், அவசர நிலையைச் சமாளிக்கவும் பணம் இருக்கும்படி அறக்கட்டளை நிதி, வங்கி உத்தரவாதம், காப்பீடு ஆகியவற்றில் ஒன்றை முன்னதாகவே காட்ட வேண்டும். குத்தகைதாரரிடம் ஜாமீன் தொகை வாங்காமல் நாம் பாலம் கட்ட விட்டோமா என்ன? பின்பு வரைவு அனுமதியை வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். எதிர்ப்பு மிகுந்தால் கருத்துக் கேட்புக் கூட்டமும் நடக்கும்.

பம்பு நின்ற பிறகு

செலுத்துவது முடிந்து கிணற்றை அடைத்த பிறகும் 50 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்பது விதி. குடிநீருக்கு இனி ஆபத்தில்லை என்று அறிவியல் முறையில் நிரூபித்தால் இக்காலத்தைக் குறைக்கவும் இடமுண்டு. நிரூபிக்க முடியாவிட்டால் அது நீளும். டென்வரில் பம்பு நின்ற பிறகு நிலம் அதிர்ந்ததே, அதை நினைத்தால் இந்த விதியின் அருமை புரியும்.

ரயில்வேயில் ஒரு பாலத்தைத் திறந்துவிட்டதோடு கதை முடிவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டாக வேண்டும். கட்டிய இன்ஜினியர் ஓய்வு பெற்று, அவருக்குப் பின் வந்தவரும் ஓய்வு பெற்றாலும் பதிவேடு தொடரும். ஏனென்றால் ரயில்வே என்ற துறை அங்கேயே இருக்கிறது. ஒரு தனியார் கம்பெனி ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே பெயரில், அதே ஊரில் இருக்குமா? ஆறாம் வகுப்பு விதியின் கனமான கேள்வி இதுதான் என்பது என் கருத்து. தோண்டுவதற்குத் திறமை வேண்டும். திறமை விலைக்குக் கிடைக்கும். அரை நூற்றாண்டு விழித்திருப்பதற்கு ஆள் எங்கே கிடைப்பார்?

டெக்கேட்டர் தரும் பாடம்

இது வெறும் பயமல்ல என்பதற்கு இல்லினாய் மாநிலத்தின் டெக்கேட்டர் நகரமே சாட்சி. அங்கே ஏ.டி.எம். என்னும் பெரிய தானிய நிறுவனம் மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்து எத்தனால் தயாரிக்கிறது. புளிக்கும்போது வரும் வாயு ஏறக்குறையச் சுத்தமான கரியமில வாயு. பிடிப்பது சுலபம். 2011 நவம்பர் முதல் 2014 வரை ஆராய்ச்சியாக ஒரு கிணற்றில் சுமார் பத்து லட்சம் டன் செலுத்தினார்கள். சுமார் 2,100 மீட்டர் ஆழத்தில் உள்ள மவுண்ட் சைமன் என்ற மணற்பாறையில் அது போய்ச் சேர்ந்தது. இரண்டாவது கிணற்றுக்கு 2011-ல் விண்ணப்பித்து, ஆறாம் வகுப்பு அனுமதி பெற்று, 2017 ஏப்ரலில் செலுத்தத் தொடங்கினார்கள். அந்த வகுப்பில் நாட்டிலேயே முதன்முதலாக வேலை செய்த கிணறு அதுதான்.

வாயு எங்கே போகிறது என்று பார்க்கச் சற்றுத் தள்ளிக் கண்காணிப்புக் கிணறுகளையும் தோண்டியிருந்தார்கள். 2024-ல் அவற்றுள் ஒன்றின் ஆழத்தில் குழாய் அரித்துப் போயிருப்பது தெரியவந்தது. அதன் வழியே வாயுவும் உப்பு நீருமாகச் சுமார் 8,000 டன், அனுமதி இல்லாத மேல் அடுக்கு ஒன்றுக்குப் போயிருந்தது. அந்த அடுக்கு தரையிலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் ஆழத்தில் இருப்பது. குடிநீர் அதற்கும் வெகு மேலே. குடிநீர் கெட்டதாகத் தெரியவில்லை. என்றாலும் அனுமதி நிபந்தனைகளை மீறியதாக ஈ.பி.ஏ. அந்த ஆகஸ்டில் நோட்டீஸ் கொடுத்தது. செப்டம்பர் இறுதியில் நிறுவனம் செலுத்துவதையே நிறுத்தி வைத்தது. ஊர்மக்களின் ஆத்திரத்துக்குப் பெருங் காரணம் கசிவு மட்டுமல்ல. கம்பெனிக்கும் அதிகாரிகளுக்கும் தெரிந்திருந்த விஷயம், செய்தி வெளியான செப்டம்பர் வரை தங்கள் காதுக்கு வரவில்லையே என்பதுதான்.

ஒன்றைக் கவனித்தீர்களா? மூடுபாறை நின்றது. வாயு செலுத்திய கிணறும் நின்றது. காவலுக்கு என்று வைத்த கிணறே வழி விட்டுவிட்டது. கண்காணிப்புக் கிணறும் மூடுபாறையில் போட்ட ஓர் ஓட்டைதானே.

பரிசோதிப்பவர் யார்?

முதல் பத்தாண்டுகளில் ஈ.பி.ஏ. கொடுத்த ஆறாம் வகுப்பு அனுமதிகள் இல்லினாயில் இரண்டே திட்டங்களுக்குத்தான். ஒன்று டெக்கேட்டர். மற்றொன்றான ஃபியூச்சர்ஜென் 2014-ல் அனுமதி பெற்றும், மத்திய அரசின் பண உதவி நின்றதால் கிணறு தோண்டாமலேயே முடிந்துபோனது. பிறகு வந்தது வேகம். பூமிக்குள் நிலையாகச் சேமிக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 85 டாலர் வரை வரிச்சலுகை என்று 2022-ல் சட்டம் வந்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன. ஆராய நிபுணர்கள் போதவில்லை. இரண்டாண்டுக்குள் முடிவு சொல்வதை இலக்காக வைத்துக்கொண்டும் கோப்புகள் தேங்கின.

இதற்கு மாற்றாகச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. மத்திய விதிகளுக்குக் குறையாத விதிகளை ஒரு மாநிலம் செய்துகொண்டால் அனுமதி தரும் அதிகாரத்தை அதனிடமே ஒப்படைக்கலாம். வட டகோட்டா 2018-லும், வயோமிங் 2020-லும் இதைப் பெற்றன. லூசியானாவுக்கு 2024-லும், மேற்கு வர்ஜீனியாவுக்கு 2025-லும் நடைமுறைக்கு வந்தது. வட டகோட்டாவில் ரிச்சர்ட்டன் என்னும் சிற்றூர் எத்தனால் ஆலைக்கு 2021 அக்டோபரில் மாநிலம் அனுமதி தந்து, 2022-ல் வேலை தொடங்கிவிட்டது. டெக்கேட்டர் காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் மின்னல் வேகம்.

உள்ளூர் அதிகாரிக்கு உள்ளூர்ப் பாறை நன்றாகத் தெரியும் என்பது இதற்குச் சொல்லும் நியாயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மாநிலங்கள் பலவற்றின் வருமானமே எண்ணெயும் நிலக்கரியும்தான். தொழிலை வளர்க்க விரும்பும் கையும் அதைத் தடுத்து நிறுத்த வேண்டிய கையும் ஒன்றாக இருந்தால் என்ன செய்வது? நம் நாட்டில் புதிய ரயில் பாதையில் பயணிகளை ஏற்ற வேண்டுமானால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து ஒப்ப வேண்டும். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் நிர்வாகத்தில் இருக்கிறார். ஆய்வாளர் பதவியை ரயில்வே வாரியத்திடமிருந்து 1941-லேயே பிரித்துவிட்டார்கள். வேடிக்கையான ஏற்பாடு என்று இளைஞர்கள் சிரிப்பார்கள். பாதை போட்டவனே பாதைக்கு நற்சான்று எழுதக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

வட டகோட்டாச் சட்டத்தில் இன்னொரு செய்தி உண்டு. செலுத்துவது நின்று பத்தாண்டுகள் ஆனபின், எல்லாம் சரியாக இருப்பதாகக் கம்பெனி நிரூபித்துவிட்டால் முடிவுச் சான்றிதழ் கொடுத்து, பூமிக்குள் கிடக்கும் வாயுவின் உடைமையையும் பொறுப்பையும் மாநிலமே ஏற்றுக்கொள்ளும். கம்பெனி எப்போதும் இருக்காது, அரசாங்கம் இருக்கும் என்பதால் இது நியாயம் என்று சிலர் சொல்கிறார்கள். லாபம் அவர்களுக்கு, பாரம் வரி கொடுப்பவனுக்கா என்று வேறு சிலர் கேட்கிறார்கள். கம்பெனிகள் செலுத்தும் டன்னுக்கு இவ்வளவு என்று வசூலித்து அதற்காகத் தனி நிதி வைத்திருப்பதால், பாரம் முழுவதும் மக்கள் தலையில் என்று சொல்வது சரியாகாது. அந்த நிதி போதுமா என்பது வேறு கேள்வி.

நம் நாட்டிலும் இதைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்துவது, சேமிப்பது குறித்த கொள்கை வரைவு அறிக்கை ஒன்றை நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்டது. பிலாய், ரூர்கேலா, பொக்காரோ என்று எஃகு நகரங்களில் தலைமுறையாக வாழும் நம்மவர் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தியாக நெடுநாள் இருக்காது. தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை 2016-லேயே கொதிகலன் புகையிலிருந்து இவ்வாயுவைப் பிடித்துச் சோடா உப்பு தயாரிக்கத் தொடங்கியது. அது புதைப்பதல்ல, பயன்படுத்துவது. ஆகையால் கிணறு பற்றிய கேள்விகள் அங்கே எழவில்லை.

அமெரிக்காவில் அக்கேள்விகள் ஓயவில்லை. மத்திய இல்லினாயில் மகோமெட் என்னும் நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. ஐந்து லட்சம் பேருக்கு மேல் அதை நம்பியிருக்கிறார்கள். டெக்கேட்டர் செய்தி வெளியானபின் அப்பகுதி மக்கள் விடாமல் போராடினார்கள். அப்படுகையைத் துளைத்துக்கொண்டு கரியமில வாயுக் கிணறு தோண்டுவதை 2025-ல் அம்மாநிலம் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில், தொழிலுக்கு மிகவும் ஆதரவான லூசியானாவின் ஆளுநரே புதிய விண்ணப்பங்களை வாங்குவதை நிறுத்தி வைத்து ஆணையிட்டார். கையில் இருக்கும் விண்ணப்பங்களை முதலில் ஒழுங்காகப் பார்க்க வேண்டும், அந்தந்தப் பகுதி மக்களின் குரலையும் கேட்க வேண்டும் என்று அவர் காரணம் சொன்னார்.